ஏறுமுடியும் இறங்குமுடியும்

நாகூர் கனி வெளியாளைத் திட்டி யாரும் பார்த்ததில்லை. தன் வீட்டாரைத் திட்டாமல் இருந்தும் யாரும் பார்த்ததில்லை.

அம்மன் கோயிலுக்குக் கிழக்கே, தையல்கடைகள் வரிசையாக இருக்கும் கட்டிடத்தின் முதல் மாடியில் அவருக்கு ஒரு கடை. கடை என்றால் ஒரு வெட்டுமேசை, மூன்று மிஷின், தலைக்கு மேல் ஒரு டியூப்லைட், அவ்வளவுதான். முன்பு தையல்காரர்கள் எல்லோரும் கோயிலின் கல் மண்டபத்தில் கடை வைத்திருந்தபோது தூண்களுக்கு நடுவே வெளிச்சம் வரும். இங்கே மாறி வந்தபின், துணியின் நிறத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் படியிறங்கித் தெருவுக்குப் போக வேண்டும். கனி அதற்கெல்லாம் அலுத்துக்கொள்கிற ஆளில்லை. "இங்க மழை ஒழுகாதுல்ல" என்பார்.

வருஷம் முழுக்க ஜாக்கெட், பர்தா, பள்ளிக்கூடச் சீருடை. சித்திரை நெருங்கினால் மட்டும் வேறு வேலை. அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்கள் போடும் உடுப்பு அது: முழங்கால் வரை தொளதொளவென்று வரும் வெல்வெட் சல்லடம், இடுப்புக்குக் கச்சை, தலைக்கு உயரமான குல்லா. சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை ஓரம் வைத்து, சமிக்கி பதித்துத் தைக்க வேண்டும். கனியின் அத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் இதைத் தைத்து வருகிறது. பெருநாள் துணி முடிந்த கையோடு அழகர் துணி மேசையில் ஏறும். பாய் கடையில் சாமி உடுப்பா என்று வியந்து போட்டோ எடுக்க வருகிறவர்களிடம் கனி சொல்வது ஒன்றுதான்: "ஓரமா நில்லுங்க தம்பி, ஜரிகை மிதிபடுது."

பக்கத்து வரிசையில் யாராவது கோணலாகக் காலர் வைத்துவிட்டால், "விடுப்பா, பொழப்புக்குத் தைக்கிறான்" என்று போய்விடுவார். அதே கோணலைத் தன் பெரியத்தா மகன் கடையில் பார்த்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. "நம்ம ஆளுகளே இப்படிச் செஞ்சா எவன் நம்மளத் தேடி வருவான்?" என்று வீடுவரை புலம்பிக்கொண்டே போவார்.

அவருடைய மனைவி ஹஃபீஸா இதை நன்றாக அளந்து வைத்திருந்தாள். "என் கொழம்புல உப்பு ஒரு கல்லு கூடினா ஊருக்கே கேக்கும். எதுத்த வீட்டுலேருந்து அடிப்பிடிச்ச பாயாசம் வந்தா மட்டும் 'ஆகா, புகை வாசம் நல்லாருக்கு'ம்பாரு."

கனிக்கு அசீம் என்று ஒரு தம்பி. இரண்டு பேருக்கும் இருபது வயதுக்கு மேல் வித்தியாசம். அத்தா மௌத்தானபோது அசீம் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கனியும் ஹஃபீஸாவும்தான் வளர்த்தார்கள். அவனை டிப்ளமோ படிக்க வைத்தார் கனி. படித்தான், வேலை அமையவில்லை. செல்போன் கடையில் கொஞ்ச காலம் நின்றான். அந்தக் கடையும் மூடியபின், "மிஷின்ல வந்து உக்காரு" என்று கனி கூப்பிட்டார். வந்து உட்கார்ந்தான்.

மெதுவான கை. தைத்ததைத் தடவிப் பார்ப்பான், நூலை இழுத்துப் பார்ப்பான், திருப்பிப் பார்ப்பான். அதற்குள் மற்றவர்கள் அடுத்த துணிக்குப் போயிருப்பார்கள். "நிக்காஹ்வுக்குப் பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறான் பாரு" என்று கனி வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அசீம் தலையைக் குனிந்துகொள்வான்.

மூன்றாவது மிஷினில் மருது. மேலூர்ப் பக்கத்துக்காரன், நாற்பது தாண்டியவன், திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருஷம் தைத்துவிட்டு ஊர் திரும்பியவன். போன வருஷம்தான் கடைக்கு வந்தான். பனியன் துணியில் கெட்டிக்காரன். மற்றதெல்லாம் அவனுக்குப் புதுசு. கனி அவனை "மாப்ள" என்பார். அவன் கழுத்துப்பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்தாலும் "பழகிக்கலாம் மாப்ள" என்பார்.

இந்தச் சித்திரைக்குத் துணி வெட்டும் வேலையை இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தார். முதலில் மருது ஒரு சல்லடத்துக்குக் கால் இரண்டையும் ஒரு ஜோடியாக வெட்டி இணைத்துக் கொண்டு வந்தான். கனி அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தெருவில் வெயிலில் விரித்தார். ஒரு கால் பழுத்த மிளகாய் நிறம். இன்னொரு கால் வெளுத்துப் பளபளத்தது.

கனி சிரித்துவிட்டார்.

"மாப்ள, வெல்வெட்டு அப்படித்தான், ஆளை ஏமாத்தும். உம்மேல தப்பில்ல. இங்க வா, கையக் குடு." மருதுவின் கையைப் பிடித்துத் துணிமேல் வைத்தார். "இப்படித் தடவு. வழவழன்னு போகுதா? இது இறங்குமுடி. இப்ப எதுத்தாப்புலத் தடவு. நெருநெருன்னு நிக்கிதுல்ல, இது ஏறுமுடி. பூனை முதுகு மாதிரி. நீ துணியக் குறுக்க மடிச்சு ரெண்டு காலையும் ஒண்ணா வெட்டியிருக்க. அப்ப ஒரு காலுக்கு முடி மேல பாக்கும், ஒரு காலுக்குக் கீழ பாக்கும். டியூப்லைட்டுல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும். வெயில்லதான் குட்டு வெளிப்படும். மடிக்காம வெட்டு, சரியாப் போகும்."

அந்த ஜோடித் துணியில் சுருக்குப்பை தைக்கச் சொல்லிவிட்டார். அன்று அசீம் கடையில் இல்லை. ஜரிகை வாங்க விளக்குத்தூண் பக்கம் போயிருந்தான்.

ஒரு வாரம் கழித்து, ஆனையூர் முத்துக்குமரன் அளவு சரிபார்க்கக் கடைக்கு வந்தார். அவர் ஒரு செட்டுக்குத் தலைவர். அவரும் அவருடைய பங்காளிகளும் வருஷா வருஷம் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்து கனி கடை உடுப்புதான். அசீம் வெட்டிய முதல் ஜோடியை அவரிடம் காட்டலாம் என்று கனியே பெருமையாகக் கீழே கொண்டு போனார். விரித்தார். ஒரு கால் சிவப்பு, ஒரு கால் வெளுப்பு.

முத்துக்குமரன் கவனித்தாரோ இல்லையோ, கனி பார்த்துவிட்டார். மேலே வந்தவர் துணியை மேசையில்கூட வைக்கவில்லை. தரையில் எறிந்தார்.

"தையக்காரன் வீட்டுல பொறந்தவன் வெட்டுற வெட்டாடா இது? அத்தா இருந்தா அந்தக் கத்திரியப் புடுங்கி வெளிய போட்டிருப்பாரு. ரத்தத்துல இருக்க வேண்டாம்? நம்ம வீட்டுப் பிள்ளைன்னு வெளிய சொல்லிக்கிறாத!"

பக்கத்துக் கடைகளில் மிஷின் சத்தம் நின்றது. பின்னாலேயே படியேறி வந்த முத்துக்குமரன் சங்கடப்பட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

அசீம் கத்திரியை மெதுவாக மேசையில் வைத்தான். அவன் எதையும் மெதுவாகத்தான் செய்வான்.

"மருது அண்ணனும் இதே மாதிரி வெட்டுனாராம். அவருக்குக் கையைப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தீங்களாம். எனக்கு எப்ப சொன்னீங்க?"

"உனக்குச் சொல்லணுமா? தையக்காரன் மகனுக்கு வெல்வெட்டச் சொல்லிக் குடுக்கணுமாடா?"

"சொன்னாத்தானே அண்ணே தெரியும்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். மருது குனிந்து அந்த ஜோடியை எடுத்து, தூசி தட்டி, தன் மிஷினுக்கு அடியில் இருந்த பையில் வைத்தான்.

மறுநாளிலிருந்து அசீம் ஆரப்பாளையத்தில் சரண்யாதேவி என்ற பெண்மணியின் சீருடைத் தையலகத்துக்குப் போகத் தொடங்கினான். அண்ணன் எழும் முன்பே கிளம்பிவிடுவான். திரும்பியதும் மதினியிடம் தட்டை வாங்கி மாடி அறையில் உட்கார்ந்து சாப்பிடுவான். கனி ஒன்றும் தெரியாதவர்போல நடந்துகொண்டார்.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹஃபீஸா சொன்னாள்.

"ஆரப்பாளையத்துல ரூம் பாத்திருக்கானாம். சித்திரை முடிஞ்சதும் போறானாம். நீங்க பாட்டுக்கு ஜரிகையவே பாத்துக்கிட்டு இருங்க."

"போகட்டும். நாலு எடத்துல அடிபட்டாத்தான் புத்தி வரும்."

"அடிபட இங்கேயே வசதியாத்தானே இருந்துச்சு. அதுக்கு எதுக்கு ஆரப்பாளையம்?"

கனி எழுந்து கை கழுவப் போனார். அவள் சொன்னதற்கு அவரிடம் பதில் இருந்தது. மருது செய்த தப்பு மருதோடு போய்விடும். அசீம் செய்த தப்பு அத்தா பேரில், தன் பேரில், இனி பிறக்கப் போகிறவர்கள் பேரில் ஏறி உட்காரும். அது கனிக்கு உடம்பிலேயே தெரியும். தம்பியின் கோணல் தையலைப் பார்க்கும்போது யாரோ தன் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். அவனுக்கும் அது அப்படியே உடம்பில் தெரிய வேண்டும் என்றுதான் அவர் இத்தனை காலம் எதிர்பார்த்தார்.

ஒரு கை குறைந்ததில் வேலை நெருக்கியது. முத்துக்குமரன் செட்டுக்கு வாங்கிய வெல்வெட்டில் இரண்டு ஜோடி வீணானதால் கடைசிக்குத் துணியும் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றிருந்தது. மிச்சமிருந்ததில் கடைசி ஜோடியைக் கனியே வெட்டினார். மடித்தார், திருப்பினார், எப்படியோ அடக்கினார். படியிறங்கி வெயிலில் பார்க்க நேரமில்லை. பார்க்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. அவர் வெட்டியதை அவரே போய்ப் பார்ப்பதா?

ஒப்படைக்க வேண்டிய அன்று மருதுவின் டிவிஎஸ் வண்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இருவரும் ஆனையூர் போனார்கள். முத்துக்குமரன் வீட்டு முற்றத்தில் செட்டு ஆட்கள் கூடியிருந்தார்கள். விரதம் நடந்துகொண்டிருந்தது, எல்லோருக்கும் வெறுங்கால். முத்துக்குமரனே முதல் சல்லடத்தை எடுத்து வேட்டிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். கச்சை கட்டினார். குல்லா வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னண்ணே, ஒரு காலு துவைச்சது, ஒரு காலு துவைக்காதது மாதிரி இருக்கு?" என்றான் ஒருவன்.

கனி குனிந்து பார்த்தார். இறங்குமுடி ஒன்று, ஏறுமுடி ஒன்று. அவர் வெட்டியது.

"முத்து, அதைக் கழட்டிக் குடுங்க. என் தப்புத்தான். நாளைக்கு வேற தச்சுக் கொண்டாறேன்."

"அட, விடுங்க பாய்!" முத்துக்குமரன் அவர் தோளில் கை போட்டார். "தண்ணி நனைஞ்சா எல்லாம் ஒரே நெறந்தான். எங்க சாமிக்கு நீங்க இம்புட்டுப் பாத்துப் பாத்துச் செய்யிறதே பெருசு. இதே எங்காளு ஒருத்தன் தச்சிருந்தான்னு வைங்க, மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருப்பேன். உங்களைப் போயிச் சொல்லலாமா?"

உண்மையான அன்போடுதான் சொன்னார். உள்ளே திரும்பி, பாய்க்கு மோர் கொண்டு வரச் சொன்னார்.

அதற்குள் வாசலில் பைக் நிற்கும் சத்தம். முத்துக்குமரனின் தம்பி வந்தான். வண்டியோட்டிய அவசரத்தில் செருப்போடு முற்றத்துக்குள் ஓரடி வைத்துவிட்டான். வைத்த காலை உடனே எடுத்தும்விட்டான்.

"செருப்பு! செருப்பா போட்டிருக்க?" முத்துக்குமரனின் குரல் வேறு ஆளுடையதுபோல மாறியது. "மூணு தலைமுறையாத் தண்ணி பீச்சுற வீடுடா இது! இந்த வீட்டுல பொறந்துட்டு விரதத்துல செருப்பு கேக்குதா உனக்கு? அந்தா நிக்கிறாரே, பாய், அவரு நம்ம வாசலுக்கு வாரப்ப தெருவுலயே கழட்டிப் போட்டுட்டு வாராரு. வேத்தாளுக்கு இருக்கிற மரியாதை உனக்கு இல்லையே! நீ ஆத்துக்கே வர வேணாம், போ!"

தம்பி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். முகம் கறுத்துப் போயிருந்தது. காலண்டரைத் தேடும் கண்ணோடு கனி சுவரைப் பார்த்தார். அங்கே காலண்டர் இல்லை. மோர் வந்தது. உப்புக் கூடின மோர். நன்றாக இருக்கிறது என்றார்.

குடித்து முடித்து, "சல்லடத்தைக் குடுங்க முத்து" என்றார் மறுபடி.

"பாய், அதான் சொன்னேன்ல..."

"உங்கப்பாவுக்கு எங்கத்தா தச்சது ஞாபகம் இருக்கா? தப்பா இருந்தா அவரு சும்மா விடுவாரா?"

முத்துக்குமரன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்கப்பாவா? உங்கத்தாவை அம்புட்டுப் பேச்சுப் பேசுவாரு. ரெண்டு பேரும் நாலு நாளைக்குப் பேச மாட்டாக." கழற்றிக் கொடுத்தார். "சரி. நாளைக்கு வரலேன்னா நானும் பேசுவேன் பாத்துக்கங்க."

அந்தச் சொல் கனிக்கு மோரைவிடக் குளிர்ச்சியாக இறங்கியது. எதற்கு என்று அவருக்கே விளங்கவில்லை.

வண்டியில் திரும்பும் வழியில், ஆரப்பாளையம் திருப்பத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றபோது மருது சொன்னான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டீகளே?"

"சொல்லு மாப்ள."

"நான் தப்பா வெட்டுன அன்னைக்கி நீங்க சிரிச்சீக. வீட்டுக்குப் போயி எம்பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், நல்ல முதலாளின்னு. அவ கேட்டா, 'அவுக தம்பியத் திட்டுவாகளாமே, உங்களத் திட்டலையா?'ன்னு. இல்லைன்னேன். 'அப்ப இன்னும் நீங்க அங்க விருந்தாளிதான்'னா."

பஸ் போய்விட்டது. மருது வண்டியை எடுக்கவில்லை.

"திட்டச் சொல்லலண்ணே. நல்லாத் திட்டுங்கன்னு கேக்குறதுக்கு எனக்கென்ன கிறுக்கா. அசீம் தம்பிக்கு அந்தச் சிரிப்புல பாதி, எனக்கு அந்தத் திட்டுல பாதின்னு மாத்திக் குடுத்திருக்கலாம்."

"வண்டிய உள்ள விடு" என்று கனி ஆரப்பாளையத்துப் பக்கம் கை காட்டினார்.

ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருந்தது சரண்யாதேவியின் தையலகம். வாசல் வரை காக்கி அரைக்கால் சட்டைகள் அடுக்கிக் கிடந்தன. ஐம்பது வயதுக்காரப் பெண்மணி. கழுத்தில் டேப் தொங்கியது. அசீமின் அண்ணன் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நல்ல பையனை வளத்திருக்கீங்க பாய். கொஞ்சம் மெதுவாத்தான் தைப்பாரு. இருந்தா என்ன, அவரு தச்சதைப் பிரிக்கிற வேலையே இல்ல. இந்தா இருக்கான் பாருங்க எங்க அக்கா மகன்," அவள் குரல் எகிறியது, "தண்டம்! பாக்கெட்டத் தச்சு வாயையும் சேத்துத் தச்சு வச்சிருக்கான். எங்க குடும்பத்துல இப்படி ஒண்ணு!"

மூலையில் ஒருவன் மிஷினுக்குப் பின்னால் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தான். கனி அவனைப் பார்த்தார். அவன் முகத்தில், தன் வீட்டு மாடியறையில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் முகம் தெரிந்தது.

"பழகிருவான்மா" என்று சொல்ல வாயெடுத்தார். இதை வெளியாளுக்குச் சொல்லத்தான் தனக்கு எப்போதும் எளிதாக வருகிறது என்று உறைத்தது. சொல்லாமல் விட்டார்.

அசீம் எழுந்து வந்தான். "மதினிக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல." கனி சல்லடத்தை நீட்டினார். "இதப் பாரு."

அசீம் அதைத் தடவினான். பிறகு வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்தான். ஒரு காலைப் பார்த்தான், மறு காலைப் பார்த்தான், திருப்பினான். கனி நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு ஏறுமுடி, ஒண்ணு இறங்குமுடி" என்றான் அசீம். அவன் போன பிறகு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். அது கனிக்குச் சுருக்கென்று பட்டது. "யாரு வெட்டுனது, மருது அண்ணனா?"

"ஏப்பா, நான் என்ன பண்ணேன்?" என்றான் மருது.

"நான்தான் வெட்டுனேன்" என்றார் கனி.

அசீம் அண்ணனைப் பார்த்தான். துணியைப் பார்த்தான்.

"தையக்காரன் வீட்டுல பொறந்துட்டு வெட்டுற வெட்டாண்ணே இது?"

மருது வாயைப் பொத்திக்கொண்டான். சரண்யாதேவிக்கு ஒன்றும் புரியவில்லை. கனியின் கழுத்து நரம்பு புடைத்தது; அப்புறம் மெல்லத் தணிந்தது. ஆனையூரில் கிடைக்காதது இங்கே கிடைத்துவிட்டது. தன்னைத் தன் ஆளாக நினைத்து ஒருவன் திட்டுகிறான்.

"தப்புத்தான்" என்றார். "நாளைக்குக் குடுக்கணும். துணி இல்ல."

அசீம் யோசித்தான். அவன் யோசிப்பதும் மெதுவாகத்தான். "நான் வெட்டுனது எங்க? தூக்கிப் போட்டீங்களா?"

மருது வண்டிப் பெட்டியைத் திறந்து தன் பையை எடுத்தான். அந்த ஜோடி தூசி தட்டி மடித்து அதில் இருந்தது.

"ரெண்டும் ஒரே அளவுதானே? சல்லடத்துக்கு வலது இடதுன்னு தனி வெட்டு கிடையாது. இதுல உள்ள ஏறுமுடிக் காலையும் அதுல உள்ள ஏறுமுடிக் காலையும் சேத்தா ஒரு ஜோடி. இறங்குமுடி ரெண்டையும் சேத்தா இன்னொரு ஜோடி."

கனி அந்த இரண்டு ஜோடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷமாக வெல்வெட் வெட்டுகிறவருக்கு இது தோன்றவில்லை. எறிந்த துணியைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

"அக்கா, மிஷினை அரை மணி நேரம் எடுத்துக்கிறேன்" என்று சரண்யாதேவியிடம் கேட்டான் அசீம். அவள் தலையசைத்தாள். அவன் உட்கார்ந்தான். ஆனால் தையலைப் பிரிக்கத் தொடங்கவில்லை.

"அண்ணே, மருது அண்ணனுக்கு அன்னைக்கு என்ன சொன்னீங்க? அதை எனக்கும் சொல்லுங்க."

"அதான் உனக்குத் தெரிஞ்சுருச்சேடா."

"தெரிஞ்சா என்ன. சொல்லுங்க."

தையலகத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த அக்கா மகன்கூடத் தலையை உயர்த்தியிருந்தான். கனி தொண்டையைச் செருமினார். தெரியாதவனுக்குத் தண்ணீர்போல வந்த வார்த்தை, கூடப் பிறந்தவனுக்கு முன்னால் கல்லாக நின்றது.

"வெல்வெட்டு அப்படித்தான்... ஆளை ஏமாத்தும்." தம்பியின் கையைப் பிடித்துத் துணிமேல் வைத்தார். மெலிந்த கை; விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள். "உம்மேல தப்பில்ல."

"முன்னாடி 'மாப்ள'ன்னு சொல்றத விட்டுட்டீக" என்றான் மருது.

"போடா, வேலையக் கெடுக்காம!" கனி அவனை முதல்முறையாக அதட்டினார். மருதுவின் முகம் மலர்ந்தது.

அசீம் தையலைப் பிரிக்க ஆரம்பித்தான். "சீருடை வேலையப் பாதியில விட முடியாதுண்ணே. அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பள்ளிக்கூடம் தொறக்கட்டும், பாப்போம்."

"ரூமு?"

"அதையும் பாப்போம்."

"உன் மதினி ராத்திரிக்கு மீன் வாங்கியிருக்கா. கீழ உக்காந்து சாப்பிடு."

அசீம் ஒவ்வொரு நூலாக வெட்டி, இழுத்து, வெல்வெட்டின் முடி நசுங்காமல் ஊதிவிட்டு, அடுத்த நூலுக்குப் போனான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் போனால் விடிந்துவிடும் என்று கனிக்குத் தோன்றியது. வாயைத் திறந்தார்.

திறந்த வாயை அப்படியே மருதுவின் பக்கம் திருப்பி, எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.